வாயினுள் நிற்கும் காவலர்

தாம்பூலம் என்பது நம் நாட்டில் வெறும் பழக்கமன்று. அது ஒரு மரியாதை. வீட்டிற்கு வந்தவர்க்கு வெற்றிலைத் தட்டை நீட்டாமல் விடை கொடுப்பது குறையென்று கருதப்பட்டது. மணம் பேசி முடித்ததற்குச் சாட்சி நிச்சய தாம்பூலம். தேங்காய் பழத்தோடு வெற்றிலை பாக்கும் வைத்தால்தான் பூசைத் தட்டு நிறையும். தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, அம்மியையும் ஆட்டுக்கல்லையும் ஊரிலேயே விட்டு வந்தன. வெற்றிலைச் செல்லத்தை மட்டும் மறவாமல் எடுத்து வந்தன.

நேயர்களே, அந்தச் செல்லத்தின் மறுபக்கத்தை இன்று சிறிது காண்போம். நம் நாட்டு ஆடவரைப் பற்றும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. பெண்டிரையும் அது விட்டுவைப்பதில்லை. வாயினுள் இருக்கும் மெல்லிய தோல் எவ்வாறு நோயுறுகிறது, அந்த நோயை முன்கூட்டியே அறிவதற்கு மருத்துவர்கள் திசுவிலே எதைத் தேடுகின்றனர், அந்தத் தேட்டம் எங்கே தொடங்கி இன்று எங்கே வந்து நிற்கிறது என்பவையே இவ்வுரையின் பொருள். இது ஜெர்மனி தேசத்தின் ஆய்வுக்கூடங்களில் தொடங்கியதொரு வரலாறு; எனினும் இதன் முக்கியமான ஏடுகள் சில, தமிழும் மலையாளமும் கைகோத்து நிற்கும் நம் தென்கோடி ஊர்களில் எழுதப்பட்டவை.

அவ்வூர்களுள் ஒன்று திருப்புறம். கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ளது. அங்கிருந்து தென்கிழக்கே சிறிது தொலைவு சென்றால் பாறசாலை, அதனையும் கடந்தால் தமிழ்நாட்டின் களியக்காவிளை. வீட்டில் ஒரு மொழியும் சந்தையில் ஒரு மொழியும் பேசி வாழும் குடும்பங்கள் அங்கே பல. என் தாயைப் பெற்ற பாட்டியின் வீடு அவ்வூரில் இருந்தது. பாட்டியின் பித்தளைச் செல்லமும் பாக்குவெட்டியும் திண்ணையில் அவருக்கு வலப்பக்கத்தில் எப்போதும் இருக்கும். வெற்றிலையை மடித்து வலக்கன்னத்தில் அடக்கிக்கொண்டால் உச்சிப்பொழுது வரையில் அது அங்கேயே இருக்கும்.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், பாட்டியின் கன்னத்துக்குள்ளே ஒரு வெண்ணிறத் திட்டுத் தோன்றிற்று. மிளகாய் பட்டால் எரிந்தது. “சுண்ணாம்பு கூடிவிட்டது, அம்மா, வாய் வெந்திருக்கிறது. வேறொன்றுமில்லை” என்றார் மாமா. அடுத்த வீட்டாரும் அவ்வாறே கூறினர். தேங்காயெண்ணெய் தடவினோம். இரண்டு நாள் வெற்றிலையை நிறுத்தினார். மூன்றாம் நாள் மீண்டும் செல்லம் திறந்தது. ஓராண்டு கழிந்தபோது சோற்றுருண்டை நுழையாத அளவுக்கு வாய் இறுகிப் போயிற்று. மருத்துவர் பார்த்துவிட்டு, “இந்த வெள்ளை எப்போது தோன்றிற்று, பாட்டி?” என்று கேட்டார். “போன ஓணத்துக்கு முன்பே” என்றார் பாட்டி. மருத்துவர் சற்று நேரம் பேசாதிருந்தார். மறு ஓணம் வருவதற்குள் பாட்டி காலமானார். வீட்டில் இருந்த நாங்கள் அனைவரும் அந்த அடையாளத்தைக் கண்டோம். அனைவரும் அதைத் தவறாகப் படித்தோம்.

பல ஆண்டுகளுக்குப் பின், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணி புரிகையில், வாய்ப்புற்றுநோய் பற்றிய ஓர் ஆவணம் தமிழாக்கத்திற்காக என் மேசைக்கு வந்தது. நான் கலைப் பட்டதாரி, மருத்துவம் கற்றவனல்லன். ஆவணத்திலே, நோயுற்ற திசுவினுள் காணப்படும் நோய்த் தடுப்பு உயிரணுக்களை நோயின் ‘மார்க்கர்’களாகக் கொள்ளலாமா என்றொரு பகுதி இருந்தது. அதற்கு ‘அடையாளம்’ என்று எழுதுவதா, ‘அறிகுறி’ என்று எழுதுவதா, ‘சான்று’ என்று எழுதுவதா என்று நெடுநேரம் தயங்கினேன். அறிகுறி நோயாளிக்கே தெரியும். சான்று ஐயத்தை அறவே நீக்கும். அடையாளமோ படிக்கத் தெரிந்தவர்க்கே பொருள் தரும். இறுதியில் ‘அடையாளம்’ என்றே எழுதினேன். அச்சொல் சரியானதுதானா என்று அறிய விரும்பித் தேடியபோது கிட்டியவையே நான் இங்குச் சொல்லவிருக்கும் செய்திகள்.

முதலில் நோயைக் காண்போம். வாயின் உட்புறத்தை ஒரு மென்படலம் போர்த்தியிருக்கிறது. ஓட்டின் மேல் ஓடு அடுக்கினாற்போல் உயிரணுக்கள் அடுக்கடுக்காக அமைந்த மேற்படலம் அது. அதன் அடியிலே மெல்லியதோர் அடிச்சவ்வு. அதற்கும் கீழே குருதிக் குழாய்களும் நார்களும் நிறைந்த இணைப்புத் திசு. மேலடுக்குத் தேய்ந்து உதிர, அடியிலிருந்து புதிய அணுக்கள் பிறந்து மேலெழுவது இயற்கை. இவ்வொழுங்கு குலைந்து, அடியணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி, அடிச்சவ்வைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்குமானால் அதுவே புற்றுநோய். ஒழுங்கு குலையத் தொடங்கியும் சவ்வைத் துளைக்காத நிலை, புற்றுக்கு முந்திய நிலை எனப்படும். கண்ணுக்கு அது வெண்படலமாகவோ செம்படலமாகவோ தோன்றலாம். இவ்விரண்டனுள் செம்படலமே அபாயம் மிக்கது. ‘லூகோபிளாக்கியா’ என்று மருத்துவ நூல்கள் கூறும் வெண்படலத்திற்கு அப்பெயரை 1877-ல் இட்டவர் ஹங்கேரி நாட்டுத் தோல் மருத்துவர் ஷ்விம்மர்.

வெற்றிலைக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவை இந்தியாவில் முதன்முதல் சுட்டியவர்களுள் ஒருவர் சென்னைப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய நிப்லாக். 1902-ல் அவர் இந்தியாவிலுள்ள புற்றுநோயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன்பின் முப்பது ஆண்டு கழித்து உலகத்தின் கவனம் திருவாங்கூரின் பக்கம் திரும்பியது. அதற்குக் காரணமாய் அமைந்த இடம் நெய்யூர்.

நெய்யூர் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதற்கு முன் நெய்யூரும் திருப்புறமும் ஒரே அரசின் கீழ் இருந்த ஊர்களே. நெய்யூரில் லண்டன் மிஷன் சங்கத்தார் 1838-லேயே மருத்துவப் பணியைத் தொடங்கியிருந்தனர். சுற்றுவட்டாரத்துத் தமிழரும் மலையாளிகளும் அம்மருத்துவமனையை நாடிச் சென்றனர்.

1922-ல் எவரெஸ்ட் சிகரம் ஏற முயன்று திரும்பிய தியோடர் ஹவர்டு சாமர்வெல் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர், ஊர் திரும்புமுன் தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தார். நெய்யூரில் காத்துக் கிடந்த நோயாளிகளின் கூட்டத்தையும், அவர்களைக் கவனிக்கப் போதிய மருத்துவர் இல்லாமையையும் கண்டு மனம் மாறி, அங்கேயே தங்கிப் பணியாற்றத் தீர்மானித்தார். 1924-ல் மீண்டும் எவரெஸ்டுக்குச் சென்றபோது, கடுங்குளிரால் அவரது தொண்டையின் உட்சவ்வு உரிந்து அடைத்துக்கொண்டு, மூச்சு நின்றுவிடும் நிலை ஏற்பட்டது. அதை இருமித் துப்பியதால் உயிர் தப்பினார். வாய் தொண்டைகளின் உட்சவ்வு எத்துணை மெல்லியது, அது கெட்டால் உயிருக்கு எத்துணைக் கேடு என்பதைத் தம் உடம்பிலேயே அறிந்த அவர், பிற்காலத்தில் நெய்யூரில் வாய்ப்புற்றுநோயாளர் பலருக்கு அறுவை செய்தார்.

அதே நெய்யூரில் பணியாற்றிய மருத்துவர் ஆர், திருவாங்கூரில் வெற்றிலை மெல்லுவோர்க்கு வரும் வாய்ப்புற்றுநோயின் காரணம், திசுவின் தன்மை, சிகிச்சை ஆகிய மூன்றையும் ஆராய்ந்து 1933-ல் லண்டன் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். மேலை நாடுகளில் நாவிலும் உதட்டிலும் மிகுதியாகக் காணப்பட்ட நோய், இங்கே கன்னத்தின் உட்புறத்தில், வெற்றிலைச் சாந்து அடங்கிக் கிடக்கும் பள்ளத்திலேயே தோன்றுவதை மருத்துவர்கள் கண்டனர். எப்பக்கத்துக் கன்னத்தில் அடக்குகிறார்களோ அப்பக்கத்திலேயே பெரும்பாலும் நோய் வந்தது. பாட்டியின் வலக்கன்னம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

பம்பாயில் 1941-ல் டாட்டா நினைவு மருத்துவமனை தோன்றியது. சென்னை அடையாற்றில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் புற்றுநோய் நிலையம் எழுந்தது. 1955-ல் பம்பாய் ஆராய்ச்சியாளர்களான சங்வி, ராவ், கனோல்கர் ஆகியோர், புகையிலையைப் புகைப்பதும் மெல்லுவதும் வாய் தொண்டைப் புற்றுகளோடு கொண்ட தொடர்பைக் கணக்கிட்டு வெளியிட்டனர். புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றை உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-ல் அறிவித்தது. புகையிலை சேராவிடினும் பாக்கே தீங்கு செய்வது என்பதை அம்முகமை 2004-ல் வெளியிட்ட நூல் உறுதி செய்தது. “நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குத்தான்” என்று சொல்லி ஆறுதல் அடைவதற்கு இனி இடமில்லை.

பாக்கின் கேட்டினைத் தெளிவாகக் காட்டுவது மற்றொரு முன்னிலை நோய். 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்பவர், கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரின் வாய் இறுகியிருந்ததைக் கண்டு எழுதினார். மறு ஆண்டே பம்பாயில் ஜோஷி என்னும் மருத்துவர் அதனை விரிவாக விளக்கினார். மேற்படலத்தின் கீழே நார்கள் பெருகிக் கயிறுபோல் இறுகி, வாயைத் திறக்க வொட்டாமல் செய்யும் நோய் அது. டென்மார்க்கு நாட்டு வாய்நோய் அறிஞர் பிண்ட்போர்க் 1960-களில் தென்னாட்டிற்கு வந்து இதனை ஆராய்ந்தார். அவரும் சக்கரியாவும் தென்னிந்திய வாய்ப்புற்றுநோயாளர் நூற்றுவரைப் பரிசோதித்து 1965-ல் எழுதிய கட்டுரையில், அவர்களுள் நாற்பதின்மருக்கு இவ்விறுக்க நோயும் இருந்தது என்று தெரிவித்தனர்.

1966 முதல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் எர்ணாகுளம் மாவட்டத்தில் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைப் பரிசோதித்தனர். இறுக்க நோயுற்ற 66 பேரைப் பதினேழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1985-ல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் நூற்றுக்கு 7.6 பேர்க்கு, அஃதாவது ஐவர்க்கு, புற்றுநோய் வந்திருந்தது.

இவ்விடத்திலேதான் நம் வரலாற்றின் முக்கியமான கேள்வி பிறக்கிறது. அறுபத்தாறு பேரில் அந்த ஐவர் யாவர்? முதல் நாளிலேயே அவர்களைப் பிரித்தறிய வழியுண்டா? வழியிருந்தால் அந்த ஐவர்க்கு உடனே சிகிச்சை செய்யலாம். ஏனையோரைக் கத்தியின் துன்பத்திலிருந்தும் அச்சத்திலிருந்தும் காக்கலாம். மேற்படலத்து அணுக்களின் வடிவம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று உருப்பெருக்கியின் வழியே நோக்கி மதிப்பிடுவதே மருத்துவர்களின் வழக்கம். இன்றும் அதுவே அடிப்படை. ஆனால் ஒரே திசுத் துண்டைக் கண்ட இரு வல்லுநர் இருவேறு மதிப்புக் கூறுவதும் உண்டு. ஆகவே, கெட்ட அணுக்களை மட்டும் நோக்காமல், அவற்றைச் சுற்றி நிற்கும் காவலரையும் நோக்கினால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. களவு நடந்த வீட்டின் நிலையை, அங்கே கூடியிருக்கும் காவலரின் எண்ணிக்கையையும் அவர்கள் நிற்கும் இடத்தையும் கொண்டே ஊகிப்பது போன்றது அது.

இந்தக் காவலரைக் கண்டறிந்த கதை விந்தையானது. 1863-ல் பெர்லின் நகரத்து நோயியல் பேரறிஞர் விர்கோ, கட்டிகளின் உள்ளே வெள்ளணுக்கள் கூடியிருப்பதைச் சுட்டி, நீடித்த அழற்சி உள்ள இடத்தில் புற்று எழக்கூடும் என்று கூறினார். அதே நகரில் 1868-ல் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் மருத்துவ மாணவர், தோல் துண்டொன்றுக்குத் தங்க உப்பினால் சாயமேற்றிப் பார்க்கையில், கிளைகள் நீட்டி நிற்கும் நட்சத்திரம் போன்ற அணுக்களைக் கண்டார். அவை நரம்பைச் சேர்ந்தவை என்று அவர் கருதினார். அது தவறு. அவை வெளியிலிருந்து வரும் பகைப்பொருளைப் பற்றி எடுத்து, உடலின் படைக்குக் காட்டிக் கொடுக்கும் ஒற்றர்கள். வாயின் மென்படலத்திலும் அவை உண்டு. அவற்றின் உண்மைப் பணி 1970-களில்தான் தெளிவாயிற்று. கண்டவருக்கும் புரிந்துகொண்டவர்க்கும் இடையே ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது.

1878-ல் மற்றொரு மாணவர், பால் எர்லிக், செயற்கைச் சாயங்களைக் கொண்டு திசுக்களைப் பரிசோதித்தார். சில அணுக்கள் மட்டும் நீலச் சாயத்தில் ஊறியும் ஊதா நிறம் காட்டின. அவற்றின் உடல் முழுதும் மணிகள் நிறைந்திருந்தன. அவை நன்றாக உண்டு கொழுத்தவை என்று எண்ணி, ஜெர்மன் மொழியில் கொழுப்பித்தலைக் குறிக்கும் ‘மாஸ்ட்’ என்ற சொல்லால் பெயரிட்டார். இதுவும் தவறு. அம்மணிகள் உணவல்ல; ஆபத்து வந்தவுடன் வெளியே கொட்டி, குருதிக் குழாய்களை விரியச் செய்து, மற்றப் படைகளை அழைக்கும் வேதிப்பொருட்கள். பெயர் மட்டும் மாறாமல் இன்றளவும் ‘மாஸ்ட் அணு’ என்றே வழங்குகிறது. மொழிபெயர்ப்பாளனுக்கு இதைவிடச் சிறந்த எச்சரிக்கை வேறில்லை.

1882-ல் இத்தாலியின் மெஸ்ஸினா கடற்கரையில், ருஷ்ய அறிஞர் மெச்னிகோவ், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சொன்றின் உடலில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் அணுக்கள் திரண்டு வந்து முள்ளைச் சூழ்ந்து நின்றன. உடல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் முறையை அவர் அதிலிருந்து உணர்ந்தார். அவர் கண்ட விழுங்கும் அணுக்களுள் பெரியவை ‘பெருவிழுங்கிகள்’ எனப்படும். 1908-ல் மெச்னிகோவுக்கும் எர்லிக்குக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

காவற்படையின் தலையாய பிரிவு நிணநீரணு. உருப்பெருக்கியில் மிகவும் எளிதாகக் காணத்தக்க இவ்வணுவின் பணி யாது என்பதே 1950-களின் நடுப்பகுதி வரையில் விளங்காதிருந்தது. ஆக்ஸ்போர்டில் கவன்ஸ் என்பவர், இவை குருதிக்கும் நிணநீருக்கும் இடையே இடையறாது சுற்றி வருபவை, தடுப்பாற்றலின் உயிர்நாடி என்று நிறுவினார். 1961-ல் மில்லர், நெஞ்செலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியே அவற்றுள் ஒரு வகைக்குப் பள்ளிக்கூடம் என்று காட்டினார். அவ்வகையே ‘டி’ நிணநீரணு.

இந்த அணுக்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவது எவ்வாறு? சாதாரணச் சாயத்தில் நிணநீரணுக்கள் யாவும் ஒன்றுபோலவே தோன்றும். 1941-ல் அமெரிக்காவில் கூன்ஸ் என்பவர், குறிப்பிட்ட பொருளை மட்டும் தேடிச் சென்று ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளின் மீது ஒளிரும் சாயத்தை ஏற்றினார். 1975-ல் கோலரும் மில்ஸ்டைனும் கேம்பிரிட்ஜில் ஒரே தன்மையுடைய எதிர்ப்பொருளை வேண்டிய மட்டும் உற்பத்தி செய்யும் முறையைக் கண்டனர். அதன்பின் ஒவ்வோர் அணுவும் தன் மேற்புறத்தில் தாங்கியுள்ள சின்னத்திற்கு எண் இடப்பட்டது. பகையணுவைக் கொல்லும் டி நிணநீரணுவின் சின்னம் ‘சி.டி.8’, உதவி செய்து படை நடத்துவதன் சின்னம் ‘சி.டி.4’. சீருடையையும் அதன் மேலுள்ள வில்லையையும் பார்த்துப் போலீசாரையும் தீயணைப்போரையும் பிரித்தறிவதுபோல், திசுத் துண்டில் நிற்கும் ஒவ்வோர் அணுவையும் இனங்காண முடிந்தது.

2006-ல் பாரிஸ் நகரத்து ஆராய்ச்சியாளர் காலோனும் அவருடைய குழுவினரும், பெருங்குடற் புற்றின் திசுவில் எவ்வகை நிணநீரணுக்கள், எத்தனை, எவ்விடத்தில் நிற்கின்றன என்று எண்ணி, நோயாளி நெடுநாள் பிழைத்திருப்பாரா என்பதை அக்கணக்கினால் ஊகிக்கலாம் என்று காட்டினர். அது மற்றப் புற்றுகளை ஆராய்வோர்க்கும் வழிகாட்டியாயிற்று.

வாய்ப்புற்றுநோயிலும் இக்கணக்கைப் பலர் போட்டுப் பார்த்துள்ளனர். பொதுவாகக் கிடைத்த முடிவுகளைச் சொல்லலாம். கட்டியினுள்ளே சி.டி.8 அணுக்கள் மிகுதியாக நுழைந்திருக்கும் நோயாளர், அவை குறைந்திருப்போரைவிடப் பெரும்பாலும் நெடுநாள் வாழ்கின்றனர். பெருவிழுங்கிகளோ இருமுகம் கொண்டவை. சில பகையணுவை விழுங்குகின்றன. வேறு சில பகைவனிடம் விலைபோன காவலரைப்போல் கட்டிக்குக் குருதிக் குழாய் அமைத்துக் கொடுத்து அதனை வளர்க்கின்றன. இவ்விரண்டாம் வகை மிகுந்தால் நோயின் போக்கு மோசமாக இருக்கிறது. வேறொரு வகை டி நிணநீரணு, படையையே அடக்கி வைப்பது. கட்டிகள் இதனைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்துவது தெரிந்துள்ளது. காவற்படையின் மேலுள்ள தடைகளை நீக்கி அதனை மீண்டும் எழுப்பும் மருந்துகளுக்கு அடிகோலிய ஆலிசனும் ஹோன்ஜோவும் 2018-ல் நோபல் பரிசு பெற்றனர். தலை, கழுத்துப் புற்றுகளுக்கு அம்மருந்துகள் 2016 முதல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று வழங்கப்படுகின்றன.

புற்றுக்கு முந்திய நிலையின் செய்தியோ இவ்வளவு தெளிவாக இல்லை. நலமான வாயிலிருந்து வெண்படலத்திற்கும், அதிலிருந்து புற்றுக்கும் செல்லச் செல்ல, அடிச்சவ்வின் கீழே காவலணுக்கள் கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் மாஸ்ட் அணுக்களை எண்ணியவர்களுள் சிலர் அவை பெருகின என்றனர். சிலர் குறைந்தன என்றனர். லாங்கர்ஹான்ஸ் அணுக்களின் நிலையும் அதுவே. எண்ணும் முறை வேறுபடுகிறது. திசுவை எடுக்கும் இடம் வேறுபடுகிறது. வாயில் பற்களின் அழுக்கினால் எழும் எளிய அழற்சியும் அதே காவலரைத்தான் அழைக்கிறது. காவலர் கூடியிருப்பது களவுக்குச் சாட்சியாகலாம். திருவிழாக் கூட்டத்திற்கும் சாட்சியாகலாம். ஆகவே, இவ்வணுக்களை மட்டும் எண்ணி, “இந்த வெண்படலம் புற்றாக மாறும், அந்த வெண்படலம் மாறாது” என்று தீர்ப்புக் கூறும் சோதனை எதுவும் மருத்துவமனைகளின் அன்றாட வழக்கத்திற்கு இன்னும் வரவில்லை. சான்று என்னும் நிலையை அவை எட்டவில்லை. அடையாளம் என்னும் நிலையிலேயே நிற்கின்றன. நான் எழுதிய சொல் சரிதான் என்று அறிந்தேன். அவ்வறிவில் மகிழ்ச்சி ஏதுமில்லை.

அப்படியானால் நாம் செய்யத்தக்கது யாது? அதற்கும் விடை திருவனந்தபுரம் மாவட்டத்திலிருந்தே வந்தது. 1981-ல் அங்கே நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம், 1996 முதல் 2004 வரையில் ஒரு பெரும் சோதனையை நடத்தியது. மாவட்டத்தின் பதின்மூன்று பஞ்சாயத்துகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஏழில், முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வாயை மூன்றாண்டுக்கு ஒருமுறை பரிசோதித்தனர். ஆறில், வழக்கமான மருத்துவ வசதிகள் மட்டும் இருந்தன. இரு பிரிவிலும் ஏறத்தாழ 1,92,000 பேர். இவ்வாறு வீடு வீடாகச் சென்று வாயை நோக்கியவர்கள் மருத்துவர்களல்லர்; பயிற்சி பெற்ற சாதாரணப் பட்டதாரிகள். அவர்கள் பயன்படுத்திய முறை, வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் செய்து கண்ணால் பார்த்துக் கையால் தொட்டறிவது. ஐயத்திற்குரியவரை மட்டும் மருத்துவரிடம் அனுப்பினர்.

சங்கரநாராயணனும் அவருடைய குழுவினரும் 2005-ல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டனர். 1933-ல் நெய்யூரின் செய்தியை உலகிற்குச் சொன்ன அதே இதழ் அது. அனைவரையும் சேர்த்துக் கணக்கிட்டால், இறப்பில் கண்ட குறைவு உறுதியாகச் சொல்லத்தக்கதாக இல்லை. ஆனால் புகையிலையோ மதுவோ பழகியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், பரிசோதிக்கப்பட்ட ஊர்களில் வாய்ப்புற்றினால் நேர்ந்த இறப்பு விகிதம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பதினைந்து ஆண்டுக் கணக்கு 2013-ல் வந்தபோதும் அவர்களிடையே குறைவு நூற்றுக்கு 24 என்ற அளவில் நிலைத்திருந்தது. சாயமில்லை, எதிர்ப்பொருளில்லை, உருப்பெருக்கி இல்லை. படிக்கத் தெரிந்த கண்கள் இருந்தன. அவை உரிய காலத்தில் பார்த்தன.

இச்செய்தியைப் படித்தபோது நான் சிறிது நேரம் மேசையை விட்டு எழவில்லை. என்னைப் போன்ற பட்டதாரி ஒருவர், 1996-க்குச் சில ஆண்டுகள் முன்பே திருப்புறத்துத் திண்ணைக்கு வந்து, “பாட்டி, வாயைக் கொஞ்சம் திறவுங்கள்” என்று சொல்லியிருந்தால் என்று எண்ணினேன். அப்படி ஒருவர் வரவில்லை. வீட்டிலிருந்த எங்களுக்கோ, சுண்ணாம்பினால் வெந்த புண் சில நாளில் ஆறிவிடும், ஆறாதது வேறு என்பது தெரியவில்லை.

அந்த ஒன்றையேனும் இன்று அறிந்துகொள்வோம். வாயில் தோன்றிய புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லையானால், துடைத்தாலும் போகாத வெண்மையோ பட்டுப்போன்ற செம்மையோ கன்னத்திலும் நாவிலும் தெரிந்தால், காரம் பட்டு எரிச்சல் நீடித்தால், மூன்று விரலை நிமிர்த்தி நுழைக்க முடிந்த வாய் இரண்டு விரலுக்கே இடங்கொடுத்தால், காத்திராமல் மருத்துவரையோ பல் மருத்துவரையோ காண வேண்டும். அவர் சிறு துண்டுத் திசு எடுக்க வேண்டுமென்றால் அஞ்ச வேண்டியதில்லை. கத்தி பட்டால் புற்று பரவும் என்னும் பேச்சு ஆதாரமற்றது. வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இன்னொரு கவனமும் தேவை. ஊரிலே வெற்றிலையாக இருந்தது இங்கே பொட்டலத்தில் அடைத்த பாக்குத் தூளாக மாறிப் பிள்ளைகளின் சட்டைப் பைக்குள் புகுந்திருக்கிறது. அதில் வெற்றிலையும் இல்லை, விருந்தும் இல்லை. பாக்கின் தீங்கு மட்டும் முழுமையாக உள்ளது.

பாட்டியின் பித்தளைச் செல்லம் இப்போது என்னுடைய தில்லி வீட்டில் இருக்கிறது. அதில் வெற்றிலை இல்லை. என் மகள் பள்ளிக்குரிய பென்சில்களை வைத்திருக்கிறாள். ஆண்டுக்கொரு முறை ஊரிலிருந்து வரும் மாமா அதனைப் பார்ப்பார். நாங்கள் இருவரும் அது பற்றிப் பேசுவதில்லை. ஆனால் சென்ற முறை வந்தபோது, அவராகவே சன்னலோரம் சென்று நின்று, “கொஞ்சம் பார்த்துச் சொல்” என்று வாயைத் திறந்து காட்டினார். வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தேன். வெண்மை எதுவுமில்லை.